பக்கத்து வீட்டுக் கருங்காலி

ஸ்டாண்டின் கால் தாருக்குள் இறங்குவதை டெல்பர்ட் முதலில் கவனித்தபோது அது ஒரு விரல் நகத்தின் அளவுதான் இறங்கியிருந்தது. ஜூலை மாத வெயிலில் பக்கத்து வீட்டு வாசல்பாதையின் தார் இளகி, கறுத்த தோல் போலப் பளபளத்துக் கிடந்தது. அதன்மேல் மெர்ல் தன் நீலக் காரின் முன்பக்கத்தை ஜாக்கியால் உயர்த்தி, இரண்டு பக்கமும் இரும்பு ஸ்டாண்டுகளை முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்தான். அடியில் பலகைத் துண்டு வைக்கவில்லை. வாழ்நாள் முழுவதும் இரும்போடு பிழைத்தவனுக்கு அது தெரியாமல் இருக்காது, வயதாகிவிட்டது, மறந்துவிட்டான். டெல்பர்ட் தன் கார் கொட்டகையின் நிழலில் மடக்கு நாற்காலியில் சாய்ந்து, ஐஸ் போட்ட தேநீரை ஒரு மிடறு குடித்தான். ரேடியோவில் பேஸ்பால் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சத்தம் கொடுத்தால் போதும். இரண்டு வீட்டுக்கும் நடுவே இருந்தது ஒரு துண்டுப் புல்தரை மட்டும்தான். அவன் கையை நீட்டி ரேடியோவின் ஒலியைக் குறைத்துக்கொண்டான், அந்தப் பக்கம் நடப்பது நன்றாகக் கேட்க வேண்டும் என்பதற்காக.

மெர்லின் கார் நோய்ப்பட்டிருப்பதை அவன் வசந்த காலத்திலிருந்தே அறிவான். தெருமுனையில் நின்று கிளம்பும்போது இன்ஜின் மட்டும் அலறும், கார் நகராது; பிறகு பின்னாலிருந்து யாரோ உதைத்ததுபோல ஒரு குலுக்கலோடு பாயும். ஆட்டோமேட்டிக் கியர் பெட்டிக்குள் எண்ணெய் கருகிவிட்டது என்று அர்த்தம். தட்டுக் கழுவிக்கொண்டிருக்கும்போது அந்த அலறல் கேட்டால் டெல்பர்ட் குழாயை மூடிவிட்டுக் காது கொடுப்பான். அன்றைக்குச் சாப்பாடு ருசியாக இறங்கும். மெர்ல் அதை மெக்கானிக்கிடம் கொண்டுபோக மாட்டான் என்பதும் அவனுக்குத் தெரியும். தன் காரில் அடுத்தவன் கை படுவதை மெர்ல் ஒருநாளும் பொறுத்ததில்லை. முன்பு ஒரே ஒருவனுக்கு மட்டும் அந்த அனுமதி இருந்தது. அது டெல்பர்ட்.

அது ஆலை நாட்களில். மண் தோண்டும் இயந்திரங்களுக்குப் பல்சக்கரம் வெட்டும் ஆலை. அடுத்தடுத்த இயந்திரத்தில் நின்றவர்கள் இருவரும். ஒரே கோடையில் இந்தத் தெருவில் வீடு வாங்கியவர்கள். மெர்லின் மகள் டீனாவுக்கு டெல்பர்ட்தான் ஞானத்தந்தை. பிறகு வேலைநிறுத்தம் வந்தது. முதல் குளிர்காலத்தில் எல்லோரும் ஒன்றாக நின்றார்கள், ஆலை வாயிலுக்கு எதிரே தகர டிரம்மில் கட்டைகளை எரித்துக் கைகளைச் சூடாக்கிக்கொண்டு, அட்டைப் பெட்டியில் வந்த டோனட்டைப் பாதி பாதியாகப் பிய்த்துக்கொண்டு. இரண்டாவது குளிர்காலத்தில் ஒருநாள் காலை, பனி பொழிந்துகொண்டிருக்கும்போது, மெர்லின் கார் மறியல் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வாயிலை நோக்கிப் போனது. வண்டியை ஓட்டியது அவன் மனைவி நோரீன். மெர்ல் அவளுக்குப் பக்கத்தில், தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். “கருங்காலி!” என்று முதலில் கத்தியது டெல்பர்ட்டின் தொண்டைதான். அதற்குப் பிறகு நடந்ததை அவன் எப்போதும் இப்படித்தான் சொல்வான்: மெர்ல் உள்ளே போனான், அவனைப் பார்த்து இன்னும் பலர் போனார்கள், வேலைநிறுத்தம் உடைந்தது, விசாரணை என்று ஒன்றை வைத்தார்கள், அதில் மெர்ல் டை கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்து, விரலை நீட்டி, “இவன்தான்” என்றான், எனக்கு வேலை போனது. அந்த விரல் எதற்காக நீண்டது என்பதை மட்டும் அவன் சொல்வதில்லை.

வேலையோடு ஓய்வூதியமும் போயிற்று. டெல்பர்ட் பள்ளிப் பேருந்து ஓட்டினான். அவன் மனைவி லவான் நெடுஞ்சாலை ஓரத்து மோட்டலில் அறை சுத்தம் செய்யப் போனாள். குளியலறைத் தரையில் முழங்காலிட்டு முழங்காலிட்டு அவள் கால்கள் வளையாமல் போயின. கடைசியில் நோய் வந்து படுத்தபோதுகூட அவளுக்குக் கூச்சம், ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பைத் தானே இழுத்துச் சரிசெய்துகொண்டே இருப்பாள். அவள் இறந்த வாரம் நோரீன் கண்ணாடிப் பாத்திரத்தில் மீனும் நூடுல்ஸும் சேர்த்து அவித்துக் கொண்டுவந்து வாசற்படியில் வைத்துவிட்டுப் போனாள். டெல்பர்ட் அதைப் பாத்திரத்தோடு குப்பையில் போட்டான். பாத்திரத்தை அவள் திரும்பக் கேட்கவில்லை. மெர்லின் வீட்டு மண்ணில் அவன் ஒரு அடிகூட வைத்ததில்லை. புல் வெட்டும் இயந்திரத்தைத் தள்ளும்போதுகூட எல்லைக்கோட்டில் ஒரு சாண் விட்டுத்தான் வெட்டுவான். அந்தச் சாணை மெர்லும் வெட்டுவதில்லை. அது இரண்டு வீட்டுக்கும் நடுவே முழங்கால் உயரத்துக்கு வளர்ந்து, விதை விட்டு, காய்ந்து நிற்கும்.

மெர்ல் அட்டையைத் தரையில் விரித்து, முனகிக்கொண்டே மல்லாந்து படுத்து, குதிகாலால் உந்தி உந்திக் காருக்கு அடியில் போனான். வெளியே தெரிந்தது அவன் கால்கள் மட்டும். ஸ்டாண்டின் கால் இப்போது ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. டெல்பர்ட் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தான். கார் சாயும், ஒரு பக்கம் நசுங்கும், அவன் தலையில் கைவைத்துக்கொண்டு நிற்பான், நாம் பார்க்கலாம். தனக்குத்தானே அவன் சொல்லிக்கொண்டது அவ்வளவுதான். இறுகிப்போன ஏதோ ஒரு போல்ட்டோடு மெர்ல் மல்லுக்கட்டுவது கேட்டது. ஒவ்வொரு இழுப்புக்கும் கார் மெல்ல அதிர்ந்தது. டெல்பர்ட்டின் வாய் ஒரு முறை திறந்து மூடியது. சத்தம் வரவில்லை, அவன் வரவிடவில்லை.

விழுந்தபோது பெரிய ஓசை இல்லை. இளகிய தார் விட்டுக்கொடுக்கும் ஒரு சப்பென்ற சத்தம், பிறகு முழு வண்டியும் ஒரு பக்கமாக உட்காரும் முனகல். மெர்லின் கால்கள் இரண்டும் ஒருமுறை உதறி, நின்றன.

டெல்பர்ட் ஓடவில்லை. ரேடியோவை அணைத்தான். எழுந்தான். உயர்ந்து நின்ற அந்தச் சாண் அகலப் புல்லைத் தாண்டும்போது விதைகள் அவன் கால்சட்டையில் ஒட்டிக்கொண்டன. காரருகே போய், ஒரு கையால் முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குந்தினான். சக்கரங்களைக் கழற்றாமல் விட்டிருந்ததால்தான் மெர்ல் உயிரோடு இருந்தான். வண்டியின் குறுக்கு இரும்பு அவன் நெஞ்சின் மேல் பதிந்து, இடது கையைத் தரையோடு சேர்த்து நசுக்கிப் பிடித்திருந்தது. கியர் பெட்டியின் அடித்தட்டு பாதி கழன்று தொங்க, கருகிய எண்ணெய் அவன் கழுத்திலும் தாடையிலும் வடிந்து, காதுக்குள் போய்க்கொண்டிருந்தது. தீய்ந்த ரொட்டி போல ஒரு வாடை.

“யாரு?” மெர்லின் குரல் பாதி மூச்சாக வந்தது. பிறகு அவனே, “உன் பூட்ஸா?” என்றான்.

“என் பூட்ஸ்தான். என்ன மெர்ல், நிழலா இருக்கா உள்ள?”

“ஜாக்கி... எடு.”

“எடுக்கலாம். என்ன அவசரம்? நாம பேசி எவ்வளவு நாளாச்சு.”

மெர்ல் கண்ணை மூடித் திறந்தான். இமையில் எண்ணெய். “டெல்பர்ட், மூச்சு முட்டுது.”

“எனக்கும் முட்டுச்சு. லவான் படுத்துக்கிட்டு இருந்தப்ப தெனமும் முட்டுச்சு. நீ அந்த ஜன்னல் வழியா பாத்துக்கிட்டுதானே இருந்தே.” டெல்பர்ட் தலையைச் சாய்த்து அவன் முகத்தை நேராகப் பார்த்தான். இத்தனை அருகில் பார்த்து எத்தனை காலம். மூக்கு மட்டும் பழைய மூக்கு; மற்றதெல்லாம் யாரோ ஒரு கிழவனுடையது. “ஒரே ஒரு வார்த்தை சொல்லு. நீ யாருன்னு உன் வாயால சொல்லு. ஜாக்கிய எடுத்துட்டு வரேன்.”

“என்ன வார்த்தை?”

“உனக்குத் தெரியாதா? ஊரே சொன்ன வார்த்தை. உன் வீட்டுச் சுவத்துல எழுதி வச்ச வார்த்தை.”

மெர்ல் சிரித்தான், அல்லது சிரிக்க முயன்றான். நெஞ்சு இடம் கொடுக்கவில்லை. “சுவத்துல எழுதினதும் நீதானா? எழுத்துப் பிழையோட எழுதியிருந்துச்சு. அப்பவே நெனச்சேன்.”

“சொல்லுடா.”

“போடா. செத்தாலும் சொல்ல மாட்டேன். மறுபடியும் அந்த நாள் வந்தா மறுபடியும் போவேன். டீனாவுக்கு இன்சுலின் வாங்கணும், சங்கம் வாங்கிக் குடுத்துச்சா? நீ வாங்கிக் குடுத்தியா, ஞானத்தகப்பன்?”

“எங்கிட்ட கேட்டியா? ஒரு வார்த்தை கேட்டிருந்தா சட்டையக் கழட்டி வித்திருப்பேன்டா.”

“உங்கிட்ட சட்டை இருந்துச்சா அப்ப?”

 எண்ணெய் சொட்டுவது கேட்டது. தெருவில் ஒரு வண்டிகூட இல்லை. சனிக்கிழமை மதியம், எல்லோரும் குளிர்சாதனத்தைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் கிடந்தார்கள். நோரீன் சிநேகிதியின் காரில் தேவாலயத்து ஏலத்துக்குப் போனதை டெல்பர்ட் காலையிலேயே பார்த்திருந்தான்.

“சரி, அது போகட்டும்,” என்றான் டெல்பர்ட். “விசாரணையில விரல நீட்டினியே, அதுக்காவது மன்னிப்புக் கேளு.”

“நீ கையில வச்சிருந்தது என்ன அன்னிக்கு?” மெர்லின் குரல் தேய்ந்திருந்தாலும் சொற்கள் தெளிவாக வந்தன. “சொல்லு. என்ன வச்சிருந்தே?”

டெல்பர்ட் உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான். மெர்லே சொன்னான்:

“நட்டு. உள்ளங்கை அகலம். நாம ரெண்டு பேரும் வெட்டின நட்டு. கண்ணாடியப் பொளந்துக்கிட்டு வந்து நோரீன் நெத்தியில அடிச்சுது. எலும்பு தெரிஞ்சுதுடா. மடி பூரா ரத்தம். அவ ஸ்டியரிங்க விடல. ஒரு கண்ண மூடிக்கிட்டு வண்டிய உள்ள கொண்டு போயி நிறுத்திட்டுத்தான் விழுந்தா. அதுக்குத்தான் விரல நீட்டினேன். பத்து விரலையும் நீட்டியிருக்கணும்.”

“அவளுக்கு எறியல. உனக்கு எறிஞ்சேன்.”

“தெரியும்.”

“நேரா உனக்குத்தான் வந்துச்சு.” டெல்பர்ட் இன்னும் கீழே குனிந்து, வாயை அவன் காதருகே கொண்டுபோனான். இந்த வாக்கியத்தை அவன் பேருந்தின் காலி இருக்கைகளோடு பேசிப் பேசிப் பழகியிருந்தான். “நீ அவ பக்கமா சாஞ்சு குனிஞ்சுட்டே, மெர்ல். கண்ணாடியில பட்டுத் தெறிச்சு, நீ இருந்த எடத்துக்கு மேல போயி அவளுக்குப் பட்டுச்சு. நீ நிமிந்து உக்காந்திருந்தா உன் நெஞ்சோட நின்னிருக்கும். அத விசாரணையில சொன்னியா? அவகிட்டயாவது சொன்னியா?”

 மெர்லின் கண்கள் திறந்திருந்தன, அவை டெல்பர்ட்டைத் தாண்டி, வண்டியின் அடிவயிற்றை வெறித்துக்கொண்டிருந்தன. டெல்பர்ட் காத்திருந்தான். இத்தனை காலம் சேர்த்து வைத்த சொல் சேர வேண்டிய இடத்தில் சேர்ந்துவிட்டது. அதன் ருசி நாக்கில் ஏற வேண்டிய நேரம். ஆனால் மெர்லின் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. மூச்சு உள்ளே போனதாகத் தெரிந்தது, வெளியே வந்ததாகத் தெரியவில்லை.

“டேய். பேசுடா. மெர்ல்! பதில் சொல்லுடா நாயே!”

 டெல்பர்ட் எழுந்தான். எழுந்த வேகத்தில் முட்டி சொடக்கிட்டது. ஓடினான், புல்லில் கால் சிக்கி விழப்போய், சமாளித்து, தன் கொட்டகையிலிருந்து சக்கரம் வைத்த ஜாக்கியை இழுத்துக்கொண்டு, அக்குளில் ஒரு பலகையை இடுக்கிக்கொண்டு வந்தான். ஆம்புலன்ஸைக் கூப்பிடத் தொலைபேசி வீட்டுக்குள் இருந்தது. அது அவன் நினைவுக்கே வரவில்லை. பலகையைத் தாரில் போட்டு, ஜாக்கியை அதன்மேல் ஏற்றி, கைப்பிடியை மேலும் கீழுமாக அடித்தான். “சாவாதே. இப்படியே செத்துடலாம்னு பாக்காதே. பாதியில விட்டுட்டுப் போறதே உனக்குப் பொழப்பாப் போச்சு,” என்று திட்டிக்கொண்டே அடித்தான். வண்டி விரல் விரலாக எழும்பியது. அவன் மெர்லின் கணுக்கால்களைப் பிடித்து, அட்டையோடு சேர்த்து வெளியே இழுத்தான்.

வெயில் பட்டதும் மெர்ல் இருமினான். இருமி, புரண்டு, தார்மேல் எச்சிலும் எண்ணெயுமாகத் துப்பினான். டெல்பர்ட் தோட்டத்துக் குழாயைத் திறந்து தண்ணீரை அவன் முகத்தில் நேராக அடித்தான், தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே. இடது கை மணிக்கட்டிலிருந்து மேலே வீங்கிக் கறுத்துக்கொண்டு வந்தது. விரல்கள் மட்டும் அசைந்தன.

“ஆம்புலன்ஸு கூப்பிடவா?”

“வேணாம். நோரீனுக்குத் தெரிஞ்சா அவளே என்னக் கொன்னுடுவா. காருக்கு அடியில போக மாட்டேன்னு அவளுக்குச் சத்தியம் பண்ணியிருக்கேன்.” மெர்ல் காரைப் பார்த்தான், தொங்கும் தட்டைப் பார்த்தான். “நாளைக்கு டீனா வீட்டுக்குக் கிளம்பறோம். அவ பொண்ணுக்குக் கொழந்த பொறந்திருக்கு.” பிறகு டெல்பர்ட்டைப் பார்க்காமல், “நீ போ. உன் எடத்துக்குப் போ,” என்றான்.

நன்றி என்று ஒரு சொல் வரும் என்று டெல்பர்ட் எதிர்பார்க்கவில்லை. ஆனால் வராதபோதுதான், தான் அதை எதிர்பார்த்திருந்தது அவனுக்குத் தெரிந்தது. அவன் போகவில்லை. மெர்ல் ஒற்றைக் கையோடு மறுபடி அட்டையில் படுத்து, உள்ளே நகரப் பார்ப்பதை நின்று வேடிக்கை பார்த்தான். போல்ட் ஒன்று விரலிலிருந்து நழுவி உருண்டது. தேடி எடுத்தான். மறுபடி நழுவியது.

“தள்ளுடா,” என்றான் டெல்பர்ட். இந்த முறை ஸ்டாண்டுகளுக்கு அடியிலும் பலகை வைத்தான். உள்ளே போய், புது வடிகட்டியை மாட்டி, தட்டை ஏந்திப் பிடித்து, போல்ட்டுகளை ஒவ்வொன்றாக ஏற்றினான். அவன் தலைக்கு நேர் மேலே வண்டி. பாரத்தை இன்னும் தாங்கிக்கொண்டிருந்த ஜாக்கியின் கைப்பிடி மெர்லின் நல்ல கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. மெர்ல் அதன்மேல் கையை வைத்துக்கொண்டான்.

“இப்ப இத நான் ஒரு திருகு திருகினா?”

“திருகிப் பாரேன்.”

“நீ யாருன்னு சொல்லு. அப்புறம் வெளிய வரலாம்.”

டெல்பர்ட் உள்ளிருந்தபடியே கெட்ட வார்த்தை ஒன்று சொன்னான். மேலே மெர்ல் மூக்கால் சிரிக்கும் சத்தம் கேட்டது. கைப்பிடியிலிருந்து கை விலகியது. கடைசி போல்ட்டை இறுக்கும்போது டெல்பர்ட்டின் முகத்திலும் ஏதோ ஒன்று இளகி, சிரிப்பாகப் போகப் பார்த்தது. அவன் அதைப் பல்லைக் கடித்து நிறுத்தினான்.

அடுத்து மிச்சமிருந்தது, பெட்டியின் மூலைமுடுக்குகளில் தங்கியிருக்கும் கருகிய எண்ணெயை வெளியேற்றுவது. புது எண்ணெய் ஊற்றி, வண்டியைத் தரையில் இறக்கி, பானட்டைத் தூக்கி, ரேடியேட்டரிலிருந்து கியர் பெட்டிக்குத் திரும்பும் குழாயைக் கழற்றி ஒரு வாளிக்குள் விட்டார்கள். இன்ஜினை ஓட்டினால் பெட்டிக்குள் இருக்கும் பம்பே பழையதை வாளிக்குள் தள்ளும். ஓரளவு தள்ளியதும் உடனே நிறுத்திவிட வேண்டும். போன அளவுக்குப் புதியதை ஊற்றிவிட்டு மறுபடி ஓட்ட வேண்டும், வருவது கறுப்பிலிருந்து பழுப்பாகி, செக்கச்செவேலென்று ஆகும்வரை. நிறுத்தத் தவறினால் பெட்டி வறண்டு, பம்பு தன்னைத்தானே தின்றுவிடும். அதனால்தான் இதற்கு இரண்டு ஆள் வேண்டும்: வாளியைப் பார்க்க ஒருவன், சாவியைப் பிடிக்க ஒருவன்.

“எண்ணெய நான் ஊத்தறேன்,” என்றான் மெர்ல். “உங்கிட்ட குடுத்தா என்னத்தக் கலப்பியோ. நீ போயி உள்ள உக்காரு. நான் போடுன்னா போடு, நிறுத்துன்னா நிறுத்து. அவ்வளவுதான் உன் வேல.”

டெல்பர்ட் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தான். இருக்கை நோரீனின் உயரத்துக்கு முன்னே தள்ளியிருந்தது; முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. கண்ணாடிக்கு முன்னால் பானட் சுவர் போல நின்றது. அதற்கும் வண்டிக்கும் நடுவே இருந்த இடைவெளியில் மெர்லின் வயிறும் நல்ல கையும் மட்டும் தெரிந்தன.

“போடு!”

போட்டான். வாளிக்குள் திரவம் பீய்ச்சும் சத்தம் கேட்டது.

“நிறுத்து!”

நிறுத்தினான். புனல் வழியாகப் புது எண்ணெய் இறங்கியது. மறுபடி போடு, மறுபடி நிறுத்து. மெர்லின் குரலில் வலு ஏறிக்கொண்டே வந்தது. ஆலையில் கடைசி வருடங்களில் அவனை மேற்பார்வையாளன் ஆக்கியிருந்தார்கள் என்று டெல்பர்ட் கேள்விப்பட்டிருந்தான். இந்தக் குரலில்தான் பேசியிருப்பான்.

“கொஞ்சம் வேகமா நிறுத்துடா! நான் சொல்லி நீ யோசிச்சுச் செய்யறதுக்குள்ள வாளி ரொம்பிடும். பஸ்ஸு ஓட்டினவன்தானே, சாவி திருப்பக்கூடவா தெரியாது?”

டெல்பர்ட்டின் கை சாவியில் இருந்தது. சாவியோடு ஒரு பித்தளை வில்லை தொங்கிக்கொண்டிருந்தது. இதுவரை அவன் விரலில் பட்டுக்கொண்டிருந்தும் அவன் பார்க்கவில்லை. திருப்பிப் பார்த்தான். ஆலையின் பல்சக்கரச் சின்னம். அதன்கீழே மெர்லின் முழுப் பெயர். அதன்கீழே, நீண்ட சேவைக்கு நன்றியுடன், என்று பொறித்திருந்தது. விளிம்புகள் தேய்ந்து வழவழப்பாகியிருந்தன. எத்தனையோ காலைகளில் ஒரு கை எடுத்து, திருப்பி, பையில் போட்ட வழவழப்பு. பள்ளிப் பேருந்தின் சாவியில் தொங்கியது ஒரு பிளாஸ்டிக் எண். லவானுக்கு மோட்டலில் கொடுத்த சாவிக்கொத்தை அவள் கடைசி நாளன்று திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போ என்று சொல்லியிருந்தார்கள்.

“போடு! இதான் கடைசி. சாயம் மாதிரி செவந்து வருது பாரு!”

டெல்பர்ட் போட்டான். இடைவெளியில் மெர்லின் கை வாளியின் விளிம்பைப் பிடித்திருந்தது. பீய்ச்சும் சத்தம் சீராக வந்தது.

“நிறுத்து.”

டெல்பர்ட் இடது பக்கம் கையை நீட்டி ஜன்னல் கண்ணாடியை ஏற்றினான்.

“நிறுத்துடா! டெல்பர்ட்! ரொம்பிடுச்சு!”

பொத்தானை அழுத்தினான். நான்கு கதவுகளும் ஒரே சொடக்கில் பூட்டிக்கொண்டன. வாளி நிரம்பி வழிவது கேட்டது. பிறகு பீய்ச்சல் விட்டு விட்டு வந்தது. பிறகு குழாய் காற்றைக் கக்கத் தொடங்கியது. இடைவெளியில் சிவந்த நுரை தெறித்தது. காருக்குள்ளிருந்து, தரைக்கு அடியிலிருந்து, ஒரு மெல்லிய ஊளை கிளம்பி ஏறிக்கொண்டே போயிற்று. டெல்பர்ட்டின் பாதங்களில் அது கூசியது. அவனுக்கு அந்தச் சத்தம் தெரியும். இரும்பு இரும்பை உரசுவதற்குச் சற்று முன்னால் வரும் சத்தம்.

மெர்ல் பானட்டைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தான். கதவை இழுத்தான். நல்ல கையால் ஜன்னலில் அறைந்தான். ஒவ்வொரு அறைக்கும் கண்ணாடியில் சிவப்பாக ஒரு கை விழுந்தது. அவன் வாய் அகலத் திறந்து மூடியது. என்ன சொல்கிறான் என்பது ஊளையில் கேட்கவில்லை. டெல்பர்ட் அவனை நேராகப் பார்த்தான். இந்த முறை குனிய இடமில்லை இருவருக்கும்.

அப்போது தெருவில் ஒரு கார் வந்து நின்றது. பின்கதவைத் திறந்து நோரீன் இறங்கினாள், பூப்போட்ட கவுனும் கையில் ஒரு காகிதப் பையுமாக. சிநேகிதியின் கார் கிளம்பிப் போயிற்று. அவள் வெயிலுக்குக் கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு வாசல்பாதையைப் பார்த்தாள்: தூக்கி நிற்கும் பானட், ஜன்னலருகே தன் கணவன், ஓட்டுநர் இருக்கையில் டெல்பர்ட். கொஞ்ச நேரம் அவளுக்கு நம்ப முடியவில்லை போல. பிறகு முகம் முழுவதும் மலர்ந்தது. பையைப் புல்லில் வைத்துவிட்டு, ஒரு சின்னப் பெண்ணைப் போல இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினாள், அவர்கள் இருவரையும் பார்த்து. சாவி டெல்பர்ட்டின் விரல்களுக்கு நடுவே சூடாக இருந்தது. ஊளை ஏறிக்கொண்டிருந்தது. நோரீன் சிரித்துக்கொண்டே வாசல்பாதையில் ஏறி அவர்களை நோக்கி வரத் தொடங்கினாள்.